சாயம் துணிக்கு, சோற்றுக்கு அன்று

(திருப்பூர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றியம் ஒன்றில், ஊராட்சிப் பெருமக்களும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நம் கூட்டங்களில் குடிநீர், சாலை, தெருவிளக்கு, வாய்க்கால் பராமரிப்பு ஆகியவற்றைப் பற்றியே பெரும்பாலும் பேசி வருகிறோம். அவை யாவும் அவசியமானவையே. இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள விஷயமோ, பெட்டிக் கடையில் ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கும் தின்பண்டத்தின் நிறத்தைப் பற்றியது. இது ஊராட்சி பேசவேண்டிய பொருளா என்று சிலர் எண்ணக்கூடும். பள்ளிக்கூடத்தைக் கட்டுவதும், அங்கன்வாடியை நடத்துவதும், குழாயைப் போடுவதும் குழந்தைகளுக்காகவே. அக்குழந்தையின் வயிற்றுக்குள் நாள்தோறும் என்ன செல்கிறது என்பதை மட்டும் கவனியாது விடுவோமானால், மற்ற பணிகளின் பயன் பாதியும் வீணாகும். ஆகவே, செயற்கை நிறங்களைப் பற்றியும், அவற்றால் குழந்தைகளின் உடல்நலம் எவ்வாறு பாதிக்கப்படுகிறது என்பதைப் பற்றியும், நாம் செய்யத்தக்கது யாது என்பதைப் பற்றியும் இன்று சிந்திப்போம்.

நிறம் அறிந்த ஊர்

இவ்விஷயத்தைப் பேசுவதற்கு நம் வட்டாரத்தாரைவிடத் தகுதி வாய்ந்தவர்கள் வேறு எவரும் இலர். பனியன் நூலுக்கும் துணிக்கும் நிறமேற்றி உலகெங்கும் அனுப்பும் ஊர் நம்முடையது. சாயம் என்பது என்ன, அது எவ்வளவு அழுத்தமாகப் பற்றும், எவ்வளவு எளிதில் போகாது என்பதை நம் வீடுகளில் உள்ள தொழிலாளர் ஒவ்வொருவரும் அறிவர்.

சாயம் இருக்கவேண்டிய இடத்தை விட்டு வேறிடம் சென்றால் என்ன நேரும் என்பதையும் நாம் அனுபவத்தில் கண்டிருக்கிறோம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யலாற்றின் குறுக்கே, பாசனத்திற்கென ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் கட்டப்பெற்றது. பயிருக்கு நீர் தரவேண்டிய அவ்வணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறிற்று. அணையைத் திறந்துவிடுங்கள் என்று கேட்கவேண்டிய விவசாயிகள், அந்நீர் எங்கள் வயலுக்கு வேண்டாம் என்று முறையிடும் நிலை வந்தது. கிணறு கெட்டது; மண் உப்பேறியது; கால்நடைகள் குடிக்க நீரின்றித் தவித்தன. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றத்தை நாடினர். சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி மாதத்தில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறையை மேற்கொண்ட பின்னரே பட்டறைகள் மறுபடியும் இயங்கலாயின.

இவ்வரலாற்றை ஏன் நினைவுபடுத்துகிறோம்? ஆற்றில் ஓடிய சாயத்தை நாம் கண்ணால் கண்டோம். அதனால் கோபம் கொண்டோம், வழக்குத் தொடர்ந்தோம், மாற்றமும் கண்டோம். குழந்தையின் கையிலுள்ள மிட்டாயில் இருக்கும் சாயத்தையும் கண்ணால் காண்கிறோம். ஆனால் அதனை அழகு என்று எண்ணிக் காசு கொடுத்து வாங்குகிறோம். இந்த வேறுபாடே இன்றைய பேச்சின் கரு.

சாயம் உணவில் புகுந்த வரலாறு

பழங்காலத்தில் உணவுக்கு நிறம் தந்தவை மஞ்சளும், குங்குமப்பூவும், கீரைச் சாறும் போன்றவையே. 1856-இல் இங்கிலாந்தில் வில்லியம் பெர்க்கின் என்ற இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த பொருளைக் கொண்டு ஊதா நிறச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அது துணிக்கென வந்த சாயம். அதனைத் தொடர்ந்து பல நிறங்கள் தோன்றின. மலிவாகவும், பளிச்சென்றும், சூட்டிலும் வெளிச்சத்திலும் எளிதில் மங்காமலும் இருந்தமையால், அவை விரைவில் துணிக்கடையிலிருந்து மிட்டாய்க் கடைக்குத் தாவின. செயற்கை நிறங்களின் பிறப்பிடம் அடுப்படியன்று, சாயப்பட்டறையே என்பதை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

தீங்கு விளைந்த பின்னரே சட்டம் வந்தது என்பது எல்லா நாடுகளிலும் காணும் செய்தி. 1950-இல் அமெரிக்க நாட்டில், ஹாலோவீன் என்னும் பண்டிகைக்காக ஆரஞ்சு நிறத்தில் செய்யப்பட்ட மிட்டாயைத் தின்ற குழந்தைகள் பலர் நோயுற்றனர். அந்த நிறம் அதுவரை அரசாங்கத்தால் அனுமதிக்கப்பட்ட நிறமேயாகும். அளவுக்கு மீறி இடப்பட்டமையால் கேடு நேர்ந்தது. சில ஆண்டுகளில் அது பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. நம் நாட்டில் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954-இல் இயற்றப்பெற்றது. அதற்குப் பதிலாக 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் 2011 முதல் நடைமுறையில் இருந்து வருகிறது.

பஞ்சு மிட்டாய் தந்த பாடம்

அண்மைக் காலத்தில் தமிழ் நாட்டையே விழிக்கச் செய்தது பஞ்சு மிட்டாய். 2024 பிப்ரவரியில் புதுச்சேரியில் விற்கப்பட்ட இளஞ்சிவப்புப் பஞ்சு மிட்டாயைச் சோதித்தபோது, அதில் ரோடமின்-பி என்னும் சாயம் கலந்திருப்பது தெரிந்து, அங்கு அதன் விற்பனை தடை செய்யப்பட்டது. பின்னர்ச் சென்னை முதலிய இடங்களிலும் மாதிரிகள் எடுக்கப்பட்டன. அவற்றிலும் அதே சாயம் இருப்பது ஆய்வகத்தில் உறுதிப்படவே, அம்மாதம் 17-ஆம் தேதி தமிழக அரசும் தடை விதித்தது. அடுத்த மாதம் 11-ஆம் தேதி கர்நாடக அரசும் அவ்வாறே செய்தது. அம்மாநிலத்தில் சோதிக்கப்பட்ட 25 பஞ்சு மிட்டாய் மாதிரிகளில் 15 உண்ணத் தகாதவை என்று அறிவிக்கப்பட்டன.

ரோடமின்-பி என்பது என்ன? பட்டு, கம்பளி, காகிதம், ஊதுபத்தி முதலியவற்றிற்கு நிறமேற்றும் தொழிற்சாயம் அது. நம் ஊர்ப் பருத்திப் பின்னலாடைக்குப் பெரும்பாலும் வேறு வகைச் சாயங்களே பயன்படுகின்றன. எனினும் குலம் ஒன்றே. எந்த உணவிலும் எந்த அளவிலும் இதனைச் சேர்க்கச் சட்டம் இடம் தருவதில்லை. விலங்குகளிடம் செய்த ஆய்வுகளில் கல்லீரல் முதலிய உறுப்புகளுக்கு இது தீங்கு செய்வது காணப்பட்டிருக்கிறது. புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்ற அச்சமும் இதன்மேல் உண்டு. ஒரு சிட்டிகையே பெருமளவு சர்க்கரையை நிறமேற்றப் போதுமாதலால், விற்பவருக்கு இது மிகவும் மலிவாகப்படுகிறது.

மிட்டாய் விற்போரைக் கொடியவர்கள் என்று நாம் கூற வரவில்லை. வெயிலில் மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாய் நடப்பவர் பெரும்பாலும் ஏழைத் தொழிலாளி. கடையில் ‘கலர்ப் பொடி’ என்று கேட்டு வாங்குகிறார்; அப்பொட்டலத்தில் பெயரும் இராது, முகவரியும் இராது. அது உணவுக்கானதா, துணிக்கானதா என்று அவருக்குத் தெரியாது. தெரிந்து விற்பவனும் அவருக்குச் சொல்வதில்லை. சர்க்கரை நூலாகத் திரிவது ஒரு குற்றமன்று. அதில் ஏறிய சாயமே குற்றம். வெள்ளையாக விற்றால் குழந்தைகள் வாங்குவதில்லையே என்று அவர் சொல்வாராயின், அதற்கு விடை சொல்லவேண்டியவர்கள் வாங்கிக் கொடுக்கும் நாமேயாவோம்.

ரோடமின்-பி ஒன்றோடு இது முடியவில்லை. மெட்டானில் மஞ்சள் என்னும் சாயம் மஞ்சள்தூளிலும், பருப்பிலும், லட்டு, ஜிலேபி முதலிய பண்டங்களிலும் கலக்கப்படுவதுண்டு. மாலகைட் பச்சை என்பது பச்சைப் பட்டாணி, பச்சை மிளகாய், வெண்டைக்காய் முதலியவற்றைப் புதியனபோல் காட்டப் பயன்படுத்தப்படுகிறது. இவை யாவும் முற்றிலும் தடுக்கப்பட்டவை.

அனுமதி பெற்ற நிறங்கள்

நிறமெல்லாம் நஞ்சு என்று சொல்வதும் உண்மையன்று. 2011-ஆம் ஆண்டு விதிகளில் எட்டுச் செயற்கை நிறங்கள் அனுமதிக்கப்பட்டுள்ளன. சிவப்பில் பொன்சோ 4ஆர், கார்மோசின், எரித்ரோசின் என மூன்று. மஞ்சளில் டார்ட்ரசின், சன்செட் யெல்லோ என இரண்டு. நீலத்தில் இண்டிகோ கார்மைன், பிரில்லியண்ட் புளூ என இரண்டு. பச்சையில் ஃபாஸ்ட் கிரீன் ஒன்று. இவற்றையும் எல்லா உணவிலும் இட முடியாது. ஐஸ்கிரீம், பிஸ்கட், மிட்டாய், குளிர்பானம் போன்ற குறிப்பிட்ட பண்டங்களிலேயே இடலாம். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், பருப்பு, தேயிலை, வெல்லம் ஆகியவற்றில் எச்செயற்கை நிறமும் கூடாது.

இடலாம் என்ற பண்டங்களிலும் பொதுவாக ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது. அஃதாவது, தூய நிறப்பொருள் ஒரு கிராம் இருந்தால் அது பத்துக் கிலோ பண்டத்துக்குப் போதும். பெரிய தொழிற்சாலையில் தராசு உண்டு; ஆய்வுக் கூடம் உண்டு. தெருவோரத்தில் எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்பவரிடம் உள்ள தராசு அவருடைய மூன்று விரல்களே. ‘இன்னும் கொஞ்சம் சிவப்பாக இருக்கட்டும்’ என்று ஒரு சிட்டிகை கூட்டினால், அனுமதி பெற்ற நிறமும் அனுமதி பெறாததாகிவிடும்.

குழந்தையின் உடல் கணக்கு

பெரியவர்களும் தின்கிறார்களே, குழந்தைகளைப் பற்றி மட்டும் ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். இதற்கு ஒரு சிறு கணக்கே விடை சொல்லும்.

ஒருவர் வாழ்நாள் முழுதும் நாள்தோறும் எவ்வளவு உட்கொண்டால் கேடு இராது என்பதை உடல் எடையைக் கொண்டே அறிஞர்கள் வரையறுக்கின்றனர். பொன்சோ 4ஆர் என்னும் சிவப்பு நிறத்திற்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.7 மில்லிகிராம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-இல் வரையறுத்தது. அறுபது கிலோ எடையுள்ள தகப்பனாருக்கு இது 42 மில்லிகிராம். பதினைந்து கிலோ எடையுள்ள மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு வெறும் பத்தரை மில்லிகிராம். நம் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவில் நிறமிட்ட பண்டம் நூறு கிராமில் பத்து மில்லிகிராம் இருக்கும். ஆக, தகப்பனாருக்குக் கால் பங்காக உள்ள அதே பண்டம் குழந்தைக்கு ஒரு நாளைய எல்லையையே தொட்டுவிடுகிறது. அளவுக்கு மீறி இட்ட பண்டமாயின் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். மேலும், நிறமிட்ட பண்டத்தை நாடி ஓடுபவர்கள் பெரியவர்கள் அல்லர், குழந்தைகளே.

இரண்டாவது செய்தி, குழந்தைகளின் நடத்தையைப் பற்றியது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் மூன்று வயதுக் குழந்தைகள் 153 பேரையும், எட்டு ஒன்பது வயதுக் குழந்தைகள் 144 பேரையும் வைத்து ஆய்வொன்று நடத்தி 2007-இல் வெளியிட்டனர். செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோயேட் என்னும் பதப்பொருளும் கலந்த பானத்தைக் குடித்த நாட்களில், குழந்தைகளிடம் ஓரிடத்தில் நில்லாத பரபரப்பு மிகுந்து காணப்பட்டது. இவ்விளைவு எல்லாக் குழந்தைகளிடமும் ஒரே அளவில் இல்லை; நிறமா, பதப்பொருளா என்று பிரித்துச் சொல்லவும் அவ்வாய்வால் இயலவில்லை. ஆயினும், ஐரோப்பிய நாடுகள் காத்திருக்கவில்லை. ஆறு நிறங்களில் எதனைச் சேர்த்தாலும், குழந்தைகளின் செயலையும் கவனத்தையும் இது பாதிக்கக்கூடும் என்று பொட்டலத்தின்மேல் அச்சிடவேண்டும் என 2010 ஜூலை முதல் விதி செய்தன. அந்த ஆறில் டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மோசின், பொன்சோ 4ஆர் ஆகிய நான்கும் நம் நாட்டுப் பட்டியலில் உள்ளவையே. சிலருக்கு டார்ட்ரசின் தோல் தடிப்பு முதலிய ஒவ்வாமையையும் உண்டாக்குகிறது. எலிகளிடம் கண்ட புற்றுநோய் விளைவை முன்னிட்டு, எரித்ரோசினை உணவில் சேர்ப்பதற்கு அளித்திருந்த அனுமதியை அமெரிக்க அரசு 2025 ஜனவரியில் ரத்து செய்தது.

வகுப்பில் அமைதியாக அமராத பிள்ளை ஒவ்வொருவனும் மிட்டாய் தின்றதனால்தான் அவ்வாறிருக்கிறான் என்று நாம் முடிவு கட்டலாகாது. அதற்குத் தூக்கக் குறைவு முதலாகப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால், எவ்வித ஊட்டமும் தராத, பார்வைக்கு மட்டுமே உதவுகிற ஒரு பொருளுக்காக இத்தகைய ஐயத்தைக் குழந்தையின்மேல் ஏற்றவேண்டிய அவசியம் என்ன? நிறத்தை நீக்கினால் குழந்தைக்கு இழப்பு ஒன்றுமில்லை.

நம் வட்டாரத்துப் பிள்ளைகள்

நம் வட்டாரத்தில் இக்கேடு மிகுவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. தாயும் தந்தையும் விடியற்காலையில் கம்பெனி வண்டி ஏறுகின்றனர். வேலை மிகுந்த நாட்களில் இரவு எட்டு மணிக்கு மேலும் வீடு திரும்புவதில்லை. வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்து குடியிருக்கும் குடும்பங்களில், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மாயியும் அப்பத்தாவும் இல்லை. பிள்ளை அழாதிருக்கப் பத்து ரூபாயைக் கையில் கொடுத்துச் செல்கின்றனர். அது அன்பினால் கொடுத்த பணமே. சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும், வாரம் முழுதும் பிள்ளையைக் கவனிக்கவில்லையே என்ற ஏக்கத்தில், சிவந்த கோழி வறுவலும் கலர் கேக்கும் வாங்கி வருகின்றனர். அதுவும் அன்பே. அந்த அன்பைக் காசாக்கிக் கொள்ளவே பாக்கெட் ஐஸும், ஜவ்வு மிட்டாயும், கலர் அப்பளமும் பள்ளிக்கூட வாசலில் வரிசையாகத் தொங்குகின்றன.

இத்தாய்மார்களைக் குறை கூறிப் பயனில்லை. அவர்களுக்கு நேரம் இல்லை. நேரம் இல்லாதவருக்கு நல்ல பண்டம் அருகிலேயே, அதே விலையில் கிடைக்கும்படி செய்வதே ஊரின் கடமை. நம் மகளிர் சுய உதவிக் குழுவினர் கடலை உருண்டை, எள்ளுருண்டை, கம்பு உருண்டை, ராகிப் புட்டு, அவித்த சுண்டல் ஆகியவற்றைச் செய்து மாலை நான்கு மணிக்குப் பள்ளி வாசலில் விற்பாராயின், குழந்தைக்கு ஆகாரமும் குழுவுக்கு வருமானமும் ஒருங்கே கிட்டும். நிறம் வேண்டுமென்றால் உடுமலைப் பக்கத்துப் பீட்ரூட் இருக்கிறது. மூலனூர்ப் பக்கத்து முருங்கையிலை இருக்கிறது. நம் வீட்டு மஞ்சள் இருக்கிறது. சிவப்பு, பச்சை, மஞ்சள் மூன்றும் நம் நிலத்திலேயே விளைகின்றன.

விவசாயச் சகோதரர்களுக்கு

இனி, விவசாயச் சகோதரர்களிடம் சற்று வெளிப்படையாகப் பேச விரும்புகிறோம். கடைக்காரர் கலப்பதைப் பற்றிச் சொன்னோம். நம் களத்திலிருந்தே கேடு தொடங்குவதும் உண்டு.

வெல்லம் காய்ச்சும் ஆலைகளில், வெல்லம் வெளுத்துப் பொன்னிறமாகத் தோன்றவேண்டும் என்பதற்காக ‘ஹைட்ராஸ்’ என்னும் சோடியம் ஹைட்ரோ சல்பைட்டைச் சேர்க்கும் பழக்கம் பரவியுள்ளது. இதே ஹைட்ராஸ் சாயப்பட்டறைகளில் பயன்படும் பொருள் என்பதை இங்குள்ள பலர் அறிவர். அதன் எச்சமாகிய கந்தக வாயுப் பொருள் ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு மூச்சுத் திணறலை உண்டாக்க வல்லது. சில இடங்களில் செயற்கை நிறமும் சேர்க்கின்றனர். நிறம் ஏற்றுவதும் நிறம் நீக்குவதும் ஒரே நோயின் இரு முகங்களே. வெண்டைத் தண்டின் கொழகொழப்பான சாற்றை விட்டு அழுக்கை நீக்கும் பழைய முறை இன்றும் செய்யத்தக்கதே. கருத்த வெல்லத்தை வியாபாரி குறைத்துக் கேட்கிறான் என்பது உங்கள் குறை. அது நியாயமான குறை. ஆனால் தரத்தை மதித்து வாங்குவோரும் உண்டு. பழனித் திருக்கோயில் பஞ்சாமிர்தத்திற்கு வேண்டிய நாட்டுச் சர்க்கரையைக் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விவசாயிகளிடமிருந்து வாங்கி வருகிறது. கலப்பில்லாச் சரக்கு என்ற பெயரைப் பல விவசாயிகள் சேர்ந்து காத்தால்தான் அத்தகைய சந்தை நிலைக்கும்.

மஞ்சளைப் பற்றியும் ஒரு செய்தி. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சள் நம் அண்டை வீட்டுச் செல்வம். மஞ்சள் கிழங்கைப் பளபளப்பாக்க ஈயக் குரோமேட் என்னும் மஞ்சள் பொடியைத் தடவும் கொடிய வழக்கம் வங்கதேசத்தில் பரவியிருந்தது. வெள்ளத்தில் நனைந்து மங்கிய கிழங்கை விற்பதற்காக ஒரு காலத்தில் தொடங்கியது, பின்னர் வழக்கமாகிவிட்டது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. கெடுத்ததைத் திருத்தவும் இயலாது. 2019-இல் அந்நாட்டுச் சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47 சதவிகிதத்தில் ஈயம் இருந்தது. ஆய்வாளரும் அரசும் சேர்ந்து சந்தைதோறும் பிரசாரம் செய்தனர். சோதனைக் கருவியுடன் வந்து கலப்படம் செய்தோருக்கு அபராதம் விதித்தனர். 2021-இல் அது பூஜ்யமாயிற்று. இரண்டே ஆண்டுகளில் ஒரு நாடு இதைச் செய்தது என்றால், ஒரு வட்டாரம் செய்ய இயலாதா?

அதே வேளையில், வதந்தியை நம்பி விவசாயியைக் கெடுப்பதும் தவறு. 2025 கோடையில் தர்பூசணியில் சாயம் ஏற்றப்படுகிறது என்ற பேச்சுப் பரவியதால் விலை சரிந்து, நம் மாநிலத்துத் தர்பூசணி விவசாயிகள் பெரும் நஷ்டம் அடைந்தனர். தர்பூசணியின் சிவப்பு லைக்கோபீன் என்னும் இயற்கை நிறம். காகிதத்தால் துடைத்தால் அதுவும் ஒட்டத்தான் செய்யும். சந்தேகம் வந்தால் சோதனை. சோதனைக்குப் பின்னரே தீர்ப்பு. இந்த ஒழுங்கு இரு பக்கத்தாருக்கும் நன்மை பயக்கும்.

வீட்டிலேயே செய்யத்தக்க சோதனைகள்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் சில எளிய சோதனைகளைக் கூறியுள்ளது. நம் தாய்மார்களும் பள்ளிப் பிள்ளைகளும் செய்யக்கூடியவை அவை.

ஒரு கண்ணாடித் தம்ளர் நீரில் ஒரு கரண்டி மஞ்சள்தூளை இடுங்கள். நல்ல தூள் அடியில் படிந்து நீர் இளமஞ்சளாக இருக்கும். சாயம் கலந்திருந்தால் நீர் அடர்ந்த மஞ்சளாகும்.

நீரின் மேற்பரப்பில் மிளகாய்த்தூளைத் தூவுங்கள். செயற்கை நிறம் இருந்தால் உடனே நிறக்கோடுகள் கீழ்நோக்கி இறங்கும்.

பச்சைப் பட்டாணியை நீரிலிட்டு அரைமணி நேரம் வைத்துக் கலக்குங்கள். நீர் பச்சையானால் சாயம் உண்டு.

சர்க்கரைவள்ளிக் கிழங்கின் தோலையும், கேழ்வரகையும் எண்ணெயிலோ நீரிலோ நனைத்த பஞ்சினால் தேயுங்கள். பஞ்சு சிவந்தால் அது ரோடமின்-பி என்று ஐயுறலாம்.

இவை ஐயத்தை எழுப்பவே உதவும். முடிவு கூறவேண்டியது ஆய்வகம். கோயம்புத்தூரில் அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் உள்ளது. சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, பொருளை வாங்கிய எவரும் உரிய கட்டணம் செலுத்தி அதனைப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கோரலாம். குறை கண்டால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கடைப் பொட்டலங்களில் சேர்பொருள்களின் வரிசையையும் பாருங்கள். 102, 110, 122, 124, 127 என்ற எண்கள் இருந்தால், மேலே சொன்ன மஞ்சள், சிவப்பு நிறங்கள் அதில் உள்ளன என்று அறிக.

ஊராட்சி செய்யத்தக்கவை

இனி நம் கடமைக்கு வருவோம். பெரிய செலவு ஏதும் இல்லாமல் செய்யக்கூடியவற்றை மட்டும் கூறுகிறோம்.

முதலாவது, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடும் கிராம சபையில் இதனை ஒரு பொருளாக வைத்துத் தீர்மானம் நிறைவேற்றலாம். பெயரும் முகவரியும் இல்லாத கலர்ப் பொடியை நம் ஊர்க் கடைகளில் விற்பதில்லை என்று கடைக்காரர்களையே உறுதி கூறச் செய்யலாம்.

இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழுவுடன் சேர்ந்து பள்ளி வாசலைக் கவனிக்கலாம். கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கலாகாது என 2020-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. கலர்ப் பண்டங்களில் பெரும்பாலானவை இவ்வகையில் அடங்குவனவே. வாசலில் விற்பவரை விரட்டுவதைவிட, என்ன விற்கலாம் என்று அவருக்குச் சொல்லி, அந்த இடத்தை அவருக்கே அளிப்பது மேல்.

மூன்றாவது, திருவிழா, தேர், சந்தை நாட்களுக்கு முன்னதாக உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவித்து, கடை போடுவோரை ஒரு மணி நேரம் கூட்டி விளக்கம் தரச் செய்யலாம். பாதுகாப்பற்ற உணவினால் உயிர் போகுமாயின் ஏழாண்டுகளுக்குக் குறையாத சிறையும், ஆயுள் தண்டனை வரையும், பத்து லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு என்பதை அவர்கள் அறியவேண்டும். தண்டனைக்கு முன் அறிவுரை செல்வதே நல்லாட்சி.

நான்காவது, நம் ஊர் விருந்துகளில் நாமே வழி காட்டலாம். கல்யாணம், காதுகுத்து, சீர் ஆகியவற்றில் கேசரிக்குக் கலர்ப் பொடி வேண்டாம் என்று சமையற்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெள்ளைக் கேசரியும் இனிக்கத்தான் செய்யும். அங்கன்வாடியில் பிறந்தநாள் கொண்டாடும் குழந்தைக்குக் கலர் கேக்குக்குப் பதில் கடலை மிட்டாய் கொடுக்கலாம்.

ஐந்தாவது, கம்பெனி வாயில்களிலும் குடியிருப்புகளிலும், தமிழோடு வெளிமாநிலத் தொழிலாளர் அறிந்த மொழியிலும் இச்செய்தியை எழுதி வைக்கலாம். அவர்களுடைய பிள்ளைகளும் நம் ஊர்ப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளே.

இவை யாவற்றிற்கும் அடிப்படையாக ஒன்று உண்டு. கலப்பவனைத் தேடி அலையும் நாம், கலக்கச் சொல்பவன் எவன் என்று சிந்திக்க வேண்டும். அதிக மஞ்சளான மஞ்சளையும், அதிக வெளுப்பான வெல்லத்தையும், அதிகச் சிவப்பான வறுவலையும் தேடிப் பிடித்து அதிக விலை கொடுப்பது நம் கண்தான். நிறத்திற்கு விலை கொடுப்பதை நாம் நிறுத்தினால், நிறம் கலப்பது தானே நிற்கும். சட்டத்தால் பாதி முடியும்; சந்தையில் நிற்கும் தாயின் ஒரு சொல்லால் மறுபாதி முடியும்.

சகோதரர்களே! சாயத்தால் வாழும் ஊர் நம் ஊர். அதனை இழிவாக நாம் பேசவில்லை. அத்தொழில் இலட்சக்கணக்கானோருக்குச் சோறு போடுகிறது. சோறு போடும் சாயம் சோற்றில் விழவேண்டாம் என்பதே நம் வேண்டுகோள். நொய்யலைக் கெடுத்த சாயத்தைத் தடுக்க நமக்கு இருபது ஆண்டுகள் பிடித்தன. மண்ணாவது மழை பெய்து மெல்ல மெல்லத் தேறும். குழந்தைப் பருவமோ ஒரு முறை கழிந்தால் மீண்டும் வாராது. ஆகவே, இவ்விஷயத்தில் காலதாமதம் வேண்டாம். வரும் கிராம சபைக்கு முன், ஒவ்வொருவரும் தத்தம் ஊர்ப் பள்ளி வாசலில் என்ன விற்கிறது என்று ஒரு முறை சென்று பார்த்து வருவோமாக. பார்த்ததைச் சபையில் கூறுவோமாக. கூறியதைச் செயலில் முடிப்போமாக.